ரீஃப்: ஒரு சொல்லுக்குள் நான்கு பாறைகள்

பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை போகும் சிறிய ரயில் பாதை 1894-இல் போடப்பட்டது. அதன் கடைசி நான்கு நிலையங்கள் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம். கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்காகவே பிறந்த பாதை இது. இரண்டு பக்கமும் லைன் வீடுகள், ஷாப்ட் கோபுரங்கள், சயனைடு மண்மேடுகள். ஆங்கிலக் குடியிருப்புப் பெயர்கள் தங்கவயல்காரர்களின் நாவில் தமிழ்ச் சொற்களைப் போலவே புழங்குகின்றன. சாம்பியன் என்று சுருங்கிவிட்ட ஊரின் முழுப்பெயர் சாம்பியன் ரீஃப்.

ரீஃப் என்றால் கடலுக்குள் நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டு. தங்கவயலோ கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கப்பல் மோதி உடையும் பாறையின் பெயர் இந்த மேட்டுநிலத்துக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வடகடல் மாலுமிகள், ஆஸ்திரேலியத் தங்க வேட்டை, 270 கோடி ஆண்டு பழைய எரிமலைக் குழம்பு, நியூட்ரினோ, மன்னார் வளைகுடாப் பவளம் எல்லாம் வழியில் வருகின்றன.

விலா எலும்பில் தொடங்கிய பயணம்

வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ரிஃப் என்றால் விலா எலும்பு. உடம்பின் தோலுக்கடியில் விலா துருத்தித் தெரிவதுபோல, அலைக்கடியில் வரி வரியாகத் துருத்திய பாறையையும் அந்த மாலுமிகள் ரிஃப் என்றார்கள். சொல் டச்சு, ஜெர்மன் கரையோரப் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ரீஃப் ஆயிற்று.

அதே மாலுமிகள் பாய்மரத்திலும் ஒரு ரீஃப் வைத்திருந்தார்கள். காற்று பலமானால் பாயின் ஒரு பட்டையை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பார்கள். அந்த மடிப்புப் பட்டைக்கும் ரீஃப் என்று பெயர். அதுவும் பெரும்பாலும் அதே விலா எலும்புச் சொல்தான் என்பது மொழியறிஞர்கள் கருத்து. மடித்த பாயைக் கட்டும் முடிச்சு ரீஃப் நாட். சாரணர் இயக்கத்தில் சேரும் பிள்ளைகள் முதலில் பழகும் முடிச்சுகளில் அது ஒன்று. தட்டையாகப் படிவதால் முதலுதவியில் கட்டுத்துணியை முடியவும் அதையே சொல்லித் தருகிறார்கள்.

கடலிலும் பாயிலும் இருந்த சொல் 1850-களில் நிலத்தில் ஏறியது. 1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் மெல்போர்ன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலிருந்து மாலுமிகள் கூட்டம் கூட்டமாக இறங்கி ஓடினார்கள். முதலில் ஆற்று மணலை அலசினார்கள். மணல் தீர்ந்தபின் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்த குவார்ட்ஸ் பாறை வரிகள் கண்ணில் பட்டன. தங்கத்தின் தாயிடம் அதுதான். சுற்றிலும் தாழ்ந்த நிலம், நடுவே நிமிர்ந்த பாறை வரி. அதற்குக் கடலோடிகள் தங்களிடம் இருந்த சொல்லையே வைத்தார்கள். பெண்டிகோ வயல்களில் ரீஃப் என்றால் தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் பாறை என்பது சில ஆண்டுகளிலேயே நிலைத்துவிட்டது. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சொல் பரவியது.

தங்கவயலில் ரீஃப்

கோலார் மண்ணில் தங்கம் எடுப்பது வெள்ளைக்காரர் வருவதற்கு மிக முன்பே நடந்த தொழில். திப்பு வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-இல் உரிகம், மாரிகுப்பம் பக்கத்து ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் பிரிப்பதையும், குழிகளிலிருந்து கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே கொண்டுவருவதையும் பார்த்து எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு பெங்களூரில் குடியேறிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் லவெல், எழுபது ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பைப் படித்தார். 1875-இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமம் பெற்றார். அவரிடம் போதிய முதல் இல்லை, உரிமம் கைமாறியது.

பிறகு வந்த லண்டன் நிறுவனங்கள் பல லட்சம் பவுனைக் கொட்டியும் லாபமான தங்கம் கிடைக்கவில்லை. மூடிவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கேப்டன் பிளம்மர், மைசூர் மைனில் பழங்காலத்தவர் விட்டுச்சென்ற குழிகளின் அடியைத் தேடிப் போனார். 1880-களின் நடுவில் அவர் கண்டுபிடித்ததுதான் சாம்பியன் ரீஃப். தடத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத பழைய தொழிலாளிகள்தாம்.

சாம்பியன் என்ற சொல்லுக்கும் இங்கே விளையாட்டு வெற்றியோடு உறவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதித் தகரச் சுரங்கங்களில், கிளைகளுக்கெல்லாம் தாயான முதன்மைத் தாதுவரியை சாம்பியன் லோடு என்பார்கள். டெய்லர் நிறுவனத்தோடு கோலாருக்கு வந்தவர்களில் கார்ன்வால்காரர்கள் பலர். கார்ன்வால் சுரங்கத்துச் சொல் ஒன்றும் ஆஸ்திரேலியத் தங்கவயல் சொல் ஒன்றும் கோலாரில் சந்தித்து ஓர் ஊர்ப்பெயர் ஆயின. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அந்தப் பெயரைத் தங்கள் முகவரியாக்கிக் கொண்டன.

அந்த ரீஃப் எப்படி இருந்தது? சராசரி அகலம் ஒரு மீட்டர் அளவு. நீளமோ ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்கி, ஆழம் போகப் போகச் செங்குத்தாகி, 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. கருத்த பாறைக்குள் ஒரு வெள்ளைத் தகட்டைச் செருகி வைத்தது போன்ற அமைப்பு. அந்தத் தகட்டைத் துரத்திக்கொண்டுதான் நூற்றிருபது ஆண்டுகள் மனிதர்கள் கீழே கீழே போனார்கள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். மொத்தம் சுமார் 5 கோடி டன் கல்லை உடைத்து 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்தார்கள். டன்னுக்குச் சராசரி 16 கிராம். ஒரு டன் கல்லில் இரண்டு பவுன்!

கடல் இங்கேயே இருந்தது

இனிப் பாறையின் கதை. ரீஃப்பைச் சுற்றியிருக்கும் கருத்த பாறைக்கு ஆம்ஃபிபோலைட் என்று பெயர். வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் நீளமும், சில கிலோமீட்டர் அகலமும் மட்டுமே கொண்ட ஒரு குறுகிய பட்டையாக அது கிடக்கிறது. இருபுறமும் கிரானைட் வகைப் பாறை. கோலார்ப் பட்டை என்று புவியியலாளர்கள் சொல்வது இதைத்தான். அதன் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். பூமியில் மீனோ மரமோ எதுவும் இல்லாத காலம். நுண்ணுயிர்கள் மட்டுமே வாழ்ந்த காலம்.

தங்கவயலுக்கு அருகே பெத்தபள்ளி என்ற ஊரில், எரிமலைத் துகள் பாறைகளையும் தலையணை வடிவப் பாறைகளையும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தலையணைப் பாறை உருவாக ஒரே ஒரு வழிதான் உண்டு. கொதிக்கும் எரிமலைக் குழம்பு நீருக்கடியில் வெளிவர வேண்டும். முறுக்குப் பிழியும்போது மாவு எண்ணெயைத் தொட்டதும் வெளிப்புறம் இறுகிக்கொள்வதைப் போல, குழம்பு குளிர்ந்த நீரைத் தொட்டதும் அதன் மேல்தோல் கணத்தில் கண்ணாடியாகிவிடும். உள்ளே இன்னும் உருகிய குழம்பு அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உருண்டைகளே தலையணைப் பாறை. ஹவாய்த் தீவுக் கடலடியில் இது நடப்பதை இன்று படமெடுத்தே பார்க்கலாம்.

தங்கவயலின் தரை ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்தது என்பதற்கு அந்த உருண்டைகளே சாட்சி. கடற்சொல்லை நிலத்தின்மேல் வைத்த சுரங்கக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்கள் வெள்ளைப் பாறை வரியின் தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அந்த வரியைத் தாங்கி நின்ற கருங்கற்களுக்குள்ளோ உண்மையாகவே ஒரு பழங்கடலின் அடித்தளம் இருந்தது.

வெள்ளை வரியும் தங்கமும் பிற்பாடு வந்தவை. கடலடிப் பாறை நிலத்தட்டு நகர்வில் நசுங்கி, மடிந்து, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயிற்று. அங்கே வெப்பத்தில் பாறைக்குள் அடைபட்டிருந்த நீர் பிழிந்து வெளியேறியது. நானூறு டிகிரிக்கும் மேலான சூட்டில், கடும் அழுத்தத்தில் இருக்கும் நீர் சாதாரண நீர் அல்ல. அது சிலிக்காவைக் கரைக்கும். கந்தகத்தின் துணையோடு தங்கத்தையும் கரைக்கும். பாறையெங்கும் மிக மிக நுண்ணிய அளவில் சிதறிக் கிடந்த தங்கத்தை அது திரட்டிக்கொண்டு மேலே வர வழி தேடியது.

வழி திறந்தது நிலநடுக்கம். பாறை நழுவி விரிசல் விட்டதும் நீர் அதற்குள் பாய்ந்தது. அழுத்தம் சட்டென்று விழுந்தது. கரைந்ததைப் பிடித்து வைத்திருக்கும் திறனை நீர் இழந்தது. சிலிக்கா குவார்ட்ஸாக உறைந்தது, தங்கமும் கூடவே படிந்தது, விரிசல் அடைபட்டது. மறுபடி அழுத்தம் ஏறி, மறுபடி ஒரு நடுக்கம், மறுபடி ஒரு படிவு. இத்தகைய குவார்ட்ஸ் துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மெல்லிய பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் விரிசல் திறந்து மூடிய ஒரு தடவையின் தடம். சாம்பியன் ரீஃப் எண்ணற்ற நிலநடுக்கங்களின் பதிவேடு.

அந்தப் பதிவேட்டை வெட்டியெடுத்ததற்குப் பாறையும் பதில் சொன்னது. ஆழத்தில் இருபுறமும் இறுக்கும் பாறைக்கு நடுவிலிருந்து ரீஃப்பை எடுத்ததும், தாங்குவதற்கு ஒன்றுமில்லாத சுவர்கள் திடீரென்று வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்ற இந்த வெடிப்பால் மாண்ட தொழிலாளிகள் பலர். அதைத் தணிக்க, குவார்ட்ஸை எடுத்த இடத்திலெல்லாம் கிரானைட் கற்களை அடுக்கிச் சுவர் வைத்தார்கள். மேலிருந்து கல்லை இறக்கி, பாறை வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும் ஆழத்தில், உருவியெடுத்த விலா எலும்புக்குப் பதில் வேறொரு விலா எலும்பைக் கட்டிய அந்தக் கைகளின் உழைப்பை நினைக்காமல் தங்கவயலின் தங்கத்தைப் பற்றிப் பேசுவது நியாயமல்ல.

ஒரே பெயர், வேறு வேறு பிறப்பு

1886-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் மேட்டில் தங்கம் கண்டபோது அதற்கும் மெயின் ரீஃப் என்றே பெயர் வைத்தார்கள். ஜோகனஸ்பர்க் நகரம் அதன்மேல்தான் எழுந்தது. ஆனால் அந்த ரீஃப்பை உடைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ் வரி இல்லை. ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் சிமென்ட் பூசியதுபோல் ஒட்டிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 290 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து பரப்பிய சரளை அது. கோலாரில் தங்கம் வெந்நீரில் மேலேறி வந்தது. அங்கே கூழாங்கல் படுகையில் கிடக்கிறது.

அதே நாட்டில் 1924-இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி கண்டறிந்த பிளாட்டினப் படுகைக்கு மெரென்ஸ்கி ரீஃப் என்று பெயர். இது மூன்றாம் வகை. பூமிக்குள் ஏரிபோலத் தேங்கிய பாறைக்குழம்பு மெதுவாகக் குளிரும்போது ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் படிந்த மெல்லிய அடுக்கு. வெந்நீர் வரி, ஆற்றுச் சரளை, குழம்பின் படிவு மூன்றுக்கும் ஒரே பெயர் வந்ததற்குக் காரணம் எளிது. மூன்றுமே மெல்லிய தகடாக, நெடுந்தூரம் நீண்டு, சுற்றுப் பாறையிலிருந்து தனித்துத் தெரிகின்றன. சுரங்கத் தொழிலாளிக்கு அது போதும். எங்கே தோண்டுவது என்பதைப் பாறையின் தோற்றமே காட்டிவிடும். ரீஃப் அடுத்து எங்கே போகும், எங்கே மெலியும், எங்கே முடியும் என்று கணிக்க வேண்டியவருக்கு மட்டும் பெயர் உதவாது. அது பிறந்த விதம் தெரிந்தாக வேண்டும்.

கோலார், விட்வாட்டர்ஸ்ரான்ட் என்ற இரண்டு தங்க ரீஃப்களும் 1965-இல் அறிவியலின் ஒரே பக்கத்தில் சந்தித்தன. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ போன்ற துகள்கள் பிறக்கின்றன. நியூட்ரினோ எதையும் ஊடுருவிப் போகும். எப்போதாவது ஒன்றுதான் பாறை அணு ஒன்றோடு மோதித் தடம் விடும். அதைப் பார்க்க வேண்டுமானால் மற்றத் துகள்களின் இரைச்சலை முதலில் தடுக்க வேண்டும். தடுப்பு என்றால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் பாறை. அத்தனை ஆழத்துக்கு மனிதன் போகக்கூடிய இடங்கள் அன்று தங்கச் சுரங்கங்களே.

ஹோமி பாபாவின் தூண்டுதலில் இயற்பியலாளர் ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்திலேயே தங்கவயலில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். 1960-களில் இயற்பியலாளர் மேனன் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் மைனின் ஹீத்கோட் ஷாப்டில் 7,500 அடி ஆழத்தில் கருவிகளை வைத்தன. அதே நேரத்தில் இயற்பியலாளர் ஃபிரெடரிக் ரைனஸின் குழு விட்வாட்டர்ஸ்ரான்ட் சுரங்கமொன்றில் தேடிக்கொண்டிருந்தது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை இரண்டு குழுக்களுமே பிடித்தன. 1965 ஆகஸ்டில் இரண்டு கட்டுரைகளும் வெளிவந்தன. கோலார்க் குழுவின் கட்டுரை சில நாள் முந்திக்கொண்டது.

கோலார்ப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல் மூன்று மடங்கு. சாதாரண மேலோட்டுப் பாறையைவிட அதிகம், ஏனென்றால் அது இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கடலடி எரிமலைக் குழம்பு. அதனால் ஒவ்வொரு அடிப் பாறையும் கூடுதலாகக் கதிரைத் தடுத்தது. காஸ்மிக் கதிர் ஆய்வாளர்கள் தங்கள் கணக்குகளில் கோலார்ப் பாறை என்று தனியாகவே ஒரு வகை வைத்திருந்தார்கள். பழங்கடலின் தரை, நியூட்ரினோ தேடியவர்களுக்குக் கூரையாயிற்று.

உயிருள்ள ரீஃப்

நான்காம் வகை ரீஃப், அந்தச் சொல்லின் பழைய வீடான கடலில் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. தீவுகளைச் சுற்றி இருப்பவை பவளத் திட்டுகள். கடலடிப் பாறைத் திட்டுக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பார். முத்துச்சிப்பி விளைந்த இடங்களும் பார்தான். தொளாயிரம் பார் தூத்துக்குடிக் கடலில் பேர்பெற்றது. இலங்கைத் தமிழில் பவளத் திட்டு முருகைக்கல்.

கல் என்றும் பாறை என்றும் நாம் சொன்னாலும் அதைக் கட்டுபவை சிறு உயிரினங்கள். பாலிப் என்ற மெல்லுடல் விலங்கு கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்துத் தன்னைச் சுற்றி வீடு கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. ஒரு தலைமுறை கட்டிய வீட்டின்மேல் அடுத்தது கட்டும். கிளை வகைப் பவளம் ஆண்டுக்குச் சில செ.மீ. வளரும், உருண்டை வகை ஒரு செ.மீ. அளவே. ஆஸ்திரேலியாவின் 2,300 கிலோமீட்டர் பெரும் பவளத் திட்டும் இந்த வேகத்தில் எழுந்ததே. திருச்சி அருகே கல்லக்குடியில் சிமென்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லிலும் டைனோசர் காலத்துப் பவளமும் பாசியும் கட்டிய திட்டு இருக்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் சிலவற்றுக்குப் பழங்கடலின் ரீஃப்பே மூலப்பொருள்.

மன்னார் வளைகுடாவின் பவளத்தையும் வெகுகாலம் வெறும் கல்லாகவே நினைத்து வெட்டினார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். அலையைத் தடுத்த திட்டு போனதும் அரிப்பு பெருகி, அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. சட்டத்தின் கண்ணில் கல் விலங்கானது. அதே 2001-இன் பிப்ரவரி 28 அன்று தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஒரே சொல்லின் இரண்டு முனைகளில் ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டு முடிவுகளுக்கும் பொருள் வேறு. கோலாரின் ரீஃப் ஒருமுறை மட்டும் நிகழ்ந்தது. அதை எடுத்தால் எடுத்ததுதான். இன்னொரு சாம்பியன் ரீஃப் வளர மனிதகுலத்தின் வயது போதாது. ஆகவே அங்கே நம் கடன் கல்லுக்கு அல்ல, அதை வெட்டிய குடும்பங்களுக்கும், அவர்கள் வாசலில் மலையாகக் குவிந்திருக்கும் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சயனைடுக் கழிவு மண்ணின் தூசியைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கும். மன்னாரின் ரீஃப் அப்படியல்ல. வெட்டாமல் விட்டால் வளரும். தூத்துக்குடிக் கடலில் நட்ட பவளத் துண்டுகள் வேர்பிடித்ததைப்போல் வளர்ந்து காட்டியிருக்கின்றன. கடல் அளவுக்கு மீறிச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது அங்கே நம் கடன்.

பெயர் வைப்பவர் தோற்றத்தைப் பார்க்கிறார். அறிவியல் பிறப்பைக் கேட்கிறது. ஒரு பாறை எப்படிப் பிறந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான், அதை எடுக்கலாமா காக்க வேண்டுமா, யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.